பிளாஷ் பிடித்த கை

7

டைப்பிஸ்டின் வலது கை ஏழு நிமிடங்களாக ஒரு மீன் தொட்டிக்கு மேலே நீண்டிருந்தது. கையில் பிளாஷ் விளக்கு. காலடியில் ஒரு ஸ்டூல். அதன் நான்கு கால்களில் மூன்றுதான் தரையோடு ஒத்துப்போயின.

"அசையாதீங்க," என்றார் கேமராவுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த ஸ்டுடியோக்காரர்.

"நான் அசையல சார். ஸ்டூல்தான் ஏதோ யோசிக்குது."

சோபாவில் உட்கார்ந்திருந்த அண்ணி சிரிக்கவில்லை. அவர் சிரித்து டைப்பிஸ்ட் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் யாரோ கைதானார்கள்.

டைப்பிஸ்ட் இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் மற்றவர்களின் வாக்குமூலங்களைத் தட்டியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அவருடைய அண்ணன் மனைவி துப்பறியும் அலுவலகம் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சும்மாதானே இருக்கிறீர்கள், வாருங்கள் தம்பி என்று அண்ணி கூப்பிட்டார். போனார். அதற்குப் பிறகு சும்மா இருக்கவே வாய்க்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டரிலிருந்து சலவைக்கடைக்காரர் வரை எல்லோரும் அவரை அண்ணி என்றே கூப்பிட்டார்கள். முறைப்படி அந்த உரிமை தனக்கு மட்டும்தானே என்று டைப்பிஸ்டுக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு.

வழக்கில் சிக்கல் எதுவும் இல்லை என்று போலீஸ் நினைத்தது. இந்த வீட்டின் சொந்தக்காரர் எழுபது வயதுப் பெரியவர். கீழ்த்தளத்தில் மகளோடும் மருமகனோடும் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாடிப்படியின் நடுத் திருப்பத்திலிருந்து உருண்டு, மண்டையில் அடிபட்டு, இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். சட்டைப் பொத்தான்கள் இரண்டு பிய்ந்து படியில் கிடந்தன. தானாக விழுகிறவர் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு விழமாட்டார். அது வரைக்கும் போலீஸ் சரியாகவே யோசித்தது.

அன்று மதியச் சாப்பாட்டின்போது மருமகன் மாமனாரைப் பார்த்து, "இந்த வயசுல படியேறி இறங்கிட்டே இருந்தா ஒரு நாளைக்கு விழுந்துதான் சாகப்போறீங்க" என்று சொன்னது பக்கத்து வீடு வரை கேட்டிருந்தது. அக்கறையில் சொன்னேன் என்றார் மருமகன். மிரட்டினார் என்று எழுதிக்கொண்டது போலீஸ். விழுந்தவரை முதலில் பார்த்தவரும் அவரே என்பதால் வேறு ஆளைத் தேடும் சிரமம் மிச்சமாயிற்று.

பெரியவரின் மகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் கட்டிலுக்கும் கணவரின் கம்பிக்கும் நடுவில் ஓடி ஓடி, மூன்றாம் நாள் அண்ணியிடம் வந்தாள். அப்பா கண் விழித்துக் கணவரின் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது, எதுவும் சொல்லாமலே போய்விட்டால் என்ன செய்வது, இரண்டையும் நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். அழவில்லை. அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

மாடியில் குடியிருந்த இருவர் பக்கம் சந்தேகம் திரும்பவே இல்லை. ஒருவர் ஸ்டுடியோக்காரர், கடைத்தெருவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவர். இன்னொருவர் அவருடைய அக்கா. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு ஆறடி நீளத்தில் ஒரு பவளத் தொட்டி இருந்தது. உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளங்கள், ஏழெட்டு மீன்கள். பன்னிரண்டு வருட வளர்ப்பு.

ஞாயிறு மூன்று மணிக்கு இந்தத் தொட்டியைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தோம் என்று இருவரும் சொன்னார்கள். தம்பி கேமராவில், அக்கா ஸ்டூலில் பிளாஷைப் பிடித்துக்கொண்டு. மொத்தம் பன்னிரண்டு படங்கள். முதல் படம் இரண்டு ஐம்பத்தைந்து, கடைசிப் படம் மூன்று இருபது என்று கேமராவே பதிந்து வைத்திருந்தது. போலீஸ் கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்து, படங்கள் இருந்த கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து ஒரு படத்தின் நகலை மருமகனின் வக்கீல் வாங்கிக் கொடுத்திருந்தார். அது இப்போது அண்ணியின் கைப்பையில் இருந்தது.

அதே போல ஒரு படம் எடுத்துக் காட்ட முடியுமா, எனக்கு இதெல்லாம் தெரியாது என்று அண்ணி கேட்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் முதலில் தயங்கினார். ஆனால் வருடம் முழுக்க, கண்ணைத் திறந்து வையுங்கள், காது தெரியட்டும் என்று சொல்லியே பிழைக்கிற மனிதரிடம் அவருடைய வித்தையைப் பற்றி ஒருவர் கேட்டால் அவரால் எவ்வளவு நேரம் தயங்க முடியும்? ஐந்து நிமிடத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கண்ணாடியில் பிம்பம் விழக்கூடாது என்று கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டார். அண்ணியின் வெளிர் புடவையைப் பார்த்து, சோபாவை இரண்டடி பின்னால் தள்ளிப்போடச் சொன்னார். தண்ணீர் ஓட்டத்தில் பவளம் ஆடினால் படம் கலங்கும் என்று பம்பையும் நிறுத்தினார்.

பிறகு பாடம் ஆரம்பமாயிற்று. தொட்டி விளக்கை நம்பிப் படம் எடுத்தால் எல்லாம் நீலமாக வரும். ஏனென்றால் பவளத்துக்குப் பிடித்தது நீல வெளிச்சம். அது கண்ணுக்கு அழகு, கேமராவுக்கு வினை. வெளிச்சம் போதாமல் ஷட்டரை மெதுவாக்கினால் மீன் இழுபட்டு வரும். கேமராவின் உணர்திறனைக் கூட்டினால் படம் முழுக்க மணல் தூவின மாதிரி இருக்கும். பிளாஷ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, நிஜ நிறம் வரும். ஆனால் அதைக் கேமரா மேலேயே வைத்தால் கண்ணாடியில் பட்டுத் திரும்பி முகத்தில் அறையும். தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் நட்சத்திரமாகிவிடும். அதனால் பிளாஷ் தண்ணீருக்கு மேலிருந்து வரவேண்டும். லென்ஸ் கண்ணாடிக்கு நேர் எதிரே, ஒட்டினாற்போல. சாய்த்துப் பிடித்தால் கனமான கண்ணாடி படத்தைக் குழப்பிவிடும்.

"ஷட்டர் இருநூறுல ஒரு பங்கு செகண்டு. அதுக்கு மேல போனா படத்துல கறுப்புப் பட்டை விழும். லென்ஸ் துவாரம் பதினொண்ணு. உணர்திறன் இருநூறு. இதுதான் கணக்கு," என்றார்.

"ஞாயித்துக்கிழமையும் இதே கணக்குதானா?"

"இதேதான். மாத்தவே மாட்டேன்."

பளிச்சென்று ஒரு மின்னல். டைப்பிஸ்டுக்குச் சில நொடிகள் அறையே தெரியவில்லை. ஸ்டூலில் நின்றதில் ஒரு லாபம் இருந்தது; தொட்டி முழுவதையும் மேலிருந்து அப்படியே பார்க்க முடிந்தது. சாப்பாடு வரும் என்று நம்பி எல்லா மீன்களும் அவர் கைக்கு நேர் கீழே கூடி அண்ணாந்து பார்த்தன. கோர்ட்டில் தீர்ப்புக்கு முந்தைய நிமிடம் இப்படித்தான் இருக்கும். எலுமிச்சை நிறத்தில் தட்டையாக ஒரு மீன் மட்டும் கூட்டத்தில் சேராமல் தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரோந்து போய்க்கொண்டிருந்தது.

படத்தைக் கேமராத் திரையில் நீட்டிக் காட்டியபோது டைப்பிஸ்டுக்கே ஆச்சரியம். நீலமெல்லாம் போய், பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக நின்றன. மஞ்சள் மீனின் செதில் வரை தெரிந்தது.

அண்ணி ஒரு சந்தேகம் கேட்டார். பிளாஷ் இல்லாமல், இதே கணக்கில் எடுத்தால் எப்படி வரும்? ஸ்டுடியோக்காரர் சந்தோஷமாக எடுத்துக் காட்டினார். தொட்டி விளக்கு அத்தனை பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தும் படம் ஏறக்குறைய கன்னங்கரேலென்று வந்தது.

"பார்த்தீங்களா. இந்தக் கணக்குக்கு தொட்டி விளக்கெல்லாம் ஒண்ணுமே இல்ல. முழு வெளிச்சமும் பிளாஷோடதுதான்."

"அப்போ தொட்டியில விளக்கு எரிஞ்சாலும் எரியாட்டாலும் படம் ஒரே மாதிரிதான் வரும்?"

"ஒரே மாதிரிதான்," என்றவர், கேமராவைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைப்பதற்கு எதுவும் இருந்ததாக டைப்பிஸ்டுக்குத் தெரியவில்லை.

அக்காவும் அறையில்தான் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்துக் கயிற்றில் மூக்குக்கண்ணாடி. விரல் நுனிகளில் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு குவளையால் தொட்டியின் பின்பக்கத்தில் நல்ல தண்ணீரை அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். வந்தவர்களைவிடத் தண்ணீர் மட்டத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

அண்ணி கைப்பையைத் திறந்து வக்கீல் கொடுத்த நகலை எடுத்தார். தொட்டியைப் பார்த்தார், நகலைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். பிறகு, காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலை கேட்கிற குரலில் கேட்டார்.

"ஏங்க, அந்த இன்னொரு மஞ்சள் மீன் எங்க? செத்துப்போச்சா?"

ஒன்றுதான் இருக்கிறது, எப்போதும் ஒன்றுதான் இருந்தது, இரண்டு விட்டால் அடித்துக்கொள்ளும் என்றார் அக்கா.

"இதுல வேற ஒண்ணு இருக்கே. உடம்பு நடுவுல வெள்ளைக் கோடு போட்டு."

அக்கா குவளையைக் கீழே வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலை வாங்கிப் பார்த்தார். பாறை இடுக்கில் அந்த மீன் சாய்ந்தாற்போல் ஒடுங்கியிருந்தது. மஞ்சள் வெளிறி, விலாவில் பழுப்புத் திட்டு. அதன் குறுக்கே வெள்ளைக் கோடு.

"வேற மீன் இல்லைங்க. அதேதான். விளக்கு அணைஞ்சு தூங்கும்போது நிறம் மங்கி, இப்படிக் கோடு விழும். காலையில போயிடும்." சொல்லிக்கொண்டே தம்பி பக்கம் திரும்பினார். "தூங்கற மீன் மூஞ்சியிலயா பிளாஷ் அடிச்ச?"

நல்ல கோபம் அது. பன்னிரண்டு வருடம் வளர்த்தவருக்கு நியாயமான கோபம். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அக்காவுக்கு மெதுவாகப் புரிந்தது. நகலை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ஸ்டுடியோக்காரர்தான் முதலில் சுதாரித்தார். அக்கா மறந்துவிட்டாள் என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் கரண்ட் இல்லை.

"மேல கரண்ட் போயிடுச்சுங்க. தொட்டி விளக்கு அணைஞ்சிடுச்சு, மீனும் தூங்கிடுச்சு. பிளாஷ் பேட்டரியில ஓடறது. அதனால படம் எடுக்கறதுக்கு ஒண்ணும் தடையில்ல."

டைப்பிஸ்டுக்கு அது நல்ல பதிலாகவே பட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கலாமா என்று யோசித்தார். அண்ணி சிரித்தார். டைப்பிஸ்ட் இறங்கவில்லை.

கீழே மருமகன் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விழுந்த சத்தம் கேட்டது; ஓவர் முடிந்த பிறகே எழுந்து போய்ப் பார்த்தார். அது போலீஸ் காகிதத்திலேயே இருக்கிறது என்றார் அண்ணி. ஆகவே கீழே கரண்ட் இருந்தது. மேலே மட்டும் போயிருந்தால் மாடிக்கான மெயின் சுவிட்சை யாரோ இறக்கியிருக்க வேண்டும்.

"அந்த மெயின் எங்க இருக்கு தம்பி?"

வரும்போது பார்த்திருந்தார் டைப்பிஸ்ட். "படித் திருப்பத்துல, அண்ணி."

மூன்று நாளாக ஒருவரும் கேட்காத கேள்விக்கு அது பதில். பெரியவர் எதற்காகப் பாதி மாடிப்படி ஏறி நின்றார்? கரண்ட் போன செய்தியை இதுவரை போலீசிடம் யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்தத் திருப்பத்துக்குப் போன ஆளுக்குத்தான் தெரியும். அல்லது அந்த ஆள் போய் யாரிடம் சொன்னதோ அவருக்கு.

ஆக, ஸ்டுடியோக்காரர்தான் என்று டைப்பிஸ்ட் முடிவு செய்தார். பிளாஷைத் தடி மாதிரி மாற்றிப் பிடித்துக்கொண்டார். கேமரா, கடிகாரம், பொய், மூன்றும் அவர் கையில். கச்சிதமாக முடிந்தது. ஆனால் அண்ணி ஸ்டுடியோக்காரரைப் பார்க்கவே இல்லை.

"இந்தப் படத்தை நீங்க இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கறீங்க. இல்லையா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா தலையசைத்தார்.

"ஸ்டூல்ல நின்னவங்களுக்குத் தொட்டி மொத்தமும் தெரியும். நீங்க நின்னிருந்தா மீன் தூங்கறது தெரிஞ்சிருக்கும், எடுக்கவே விட்டிருக்க மாட்டீங்க. அவர் தனியா எடுத்திருக்கார். தனக்காக எடுத்திருந்தா, நான் தனியா இருந்தேன்னு சொன்னாலே போதும். ஸ்டூல் மேல இன்னொரு ஆளை எதுக்கு ஏத்தணும்? அந்த ஆளுக்கு மூணு மணிக்கு நிக்க ஒரு இடம் வேணும்."

ஸ்டுடியோக்காரர் எழுந்து நின்றார். நான்தான் அவரைத் தள்ளினேன், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். குரல் உறுதியாகத்தான் இருந்தது.

"நீ அன்னிக்கு வீட்லயே இல்லடா," என்றார் அக்கா. "ஸ்டுடியோவுல உக்காந்திருந்த."

அதற்குப் பிறகு அவர் போய்ப் பம்பைப் போட்டார். இவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாமா என்று தம்பியை லேசாகக் கடிந்தும் கொண்டார். பவளங்கள் ஆட ஆரம்பித்ததும் தன் போனைக் கொண்டுவந்து அண்ணியிடம் நீட்டினார். தொட்டிக்குக் கரண்ட் நின்றால் அதில் செய்தி வரும். ஞாயிறு இரண்டு ஐம்பத்திரண்டுக்கு நின்றது என்றும், மூன்று நாலுக்கு வந்தது என்றும் இரண்டு செய்திகள் இருந்தன. யாரும் கேட்காததால் அழிக்கவும் இல்லை.

விஷயம் மூன்று மாதத்துப் பழையது. தொட்டித் தண்ணீர் கசிந்து கீழே பெரியவரின் படுக்கையறைக் கூரையில் ஈரம் பூத்தது. தொட்டியை எடுத்துவிடு என்றார் பெரியவர். வேறு வீடு கிடைக்கும் வரை பொறுங்கள் என்றார் அக்கா. கேட்டுக் கேட்டு அலுத்த பெரியவர் ஞாயிறு மதியம் படியேறிப்போய் மாடி மெயினை இறக்கிவிட்டு, அதை மறைத்துக்கொண்டு நின்றார். பம்ப் இல்லாவிட்டால் தண்ணீரில் காற்று குறையும். சில மணி நேரத்தில் பவளத்திலிருந்து மீன் வரை ஒவ்வொன்றாகப் போகும். அக்கா இறங்கிப்போய்க் கெஞ்சினார். பெரியவர் நகரவில்லை. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பொத்தான் பிய்ந்தது.

அன்று இரவு தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். பத்து மணிக்குத் தம்பி கேமராவின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி, பன்னிரண்டு படங்களையும் எடுத்துவிட்டு, மறுபடி சரியான நேரத்துக்கு வைத்தார். தொட்டி விளக்கு அக்காவின் போனில்தான் எரியும், அணையும். அவரை எழுப்ப மனம் வரவில்லை. பிளாஷ் இருக்க விளக்கு எதற்கு என்று நினைத்தார். கேமராவைப் பற்றி அவர் நினைத்தது எல்லாம் சரி.

ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போகும்போது, மீன் தூங்கும் விஷயம் எப்போதிருந்து தெரியும் என்று டைப்பிஸ்ட் அண்ணியின் காதோடு கேட்டார்.

"தெரியாது தம்பி. நெஜமாவே ரெண்டு மீனுன்னுதான் நெனச்சேன்."

ஸ்டேஷனில் எழுத்தர் விடுப்பு. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு விரலால் தட்டுகிறவர். இந்த வாக்குமூலம் முடிவதற்குள் அவர் பணி ஓய்வு பெற்றுவிடுவார் என்று டைப்பிஸ்டே உட்கார்ந்து தட்டினார். அக்கா நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தம்பி வெளியே பெஞ்சில், எந்த மீனுக்கு எவ்வளவு தீனி என்று அக்கா எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

பாதியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெரியவர் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாராம். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகள் பேசினாள், இந்த முறை அழுதுகொண்டே பேசினாள். மருமகனைக் கூட்டிவர ஒரு கான்ஸ்டபிள் சாவியோடு போனார். அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, எங்கே விட்டேன் என்று கேட்டு மீதியையும் சொல்லி முடித்தார்.

டைப்பிஸ்ட் தாளை உருவிக் கையெழுத்துக்கு நீட்டினார். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சோதனை அறிக்கையைப் படிப்பவர் போல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

அந்த இடத்தில் டைப்பிஸ்ட் அடித்திருந்தது இது: அவர் கீழே விழுந்தார். நான் ஓடிப்போய் அவரைப் பார்த்தேன். பிறகு மெயின் சுவிட்சைப் போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் சொல்லி அவர் அடித்த வரிசைதான் அது. கை தானாகவே அப்படி அடித்துவிட்டது.

"இதுல வரிசை மாறியிருக்கு," என்றார் அக்கா. "முதல்ல சுவிட்சைப் போட்டேன். மேல பம்ப் ஓடற சத்தம் கேக்கற வரைக்கும் அங்கயே நின்னேன். அப்புறம்தான் அவரைப் பார்த்தேன்."

டைப்பிஸ்ட் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே இருந்தால் கோர்ட்டில் உங்களுக்குத்தான் நல்லது அம்மா என்று டைப்பிஸ்ட் தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தார். அக்கா தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார்.

"மாத்திடுங்க," என்றார்.

டைப்பிஸ்ட் புதுத் தாளை எடுத்தார்.